வீட்டிலேயே கொத்தமல்லி: விதை உடைப்பது முதல் விதை எடுப்பது வரை

காய்கறி வாங்கினால் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறாகக் கிடைத்த காலம் உண்டு. இப்போது மல்லித்தழைக்குத் தனிக் காசு. அடைமழை நாட்களில் விலை ஏறும், வாங்கினாலும் உள்ளே பாதி அழுகியிருக்கும். ரசம் இறக்கும்போது நமக்குத் தேவை நாலு இணுக்கு. அதற்காக ஒரு கட்டு வாங்கி, மீதி மூன்றாம் நாள் மஞ்சளாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்து ஆண்டுகளாக மல்லி போடுகிறேன். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் சொல்லும் குறை இரண்டுதான். ஒன்று, "விதைச்சேன், முளைக்கவே இல்லை." இன்னொன்று, "முளைச்சுது, ஒரு சாண் வளர்றதுக்குள்ள பூத்துடுச்சு." இரண்டுக்கும் காரணம் உண்டு, இரண்டையும் சரிசெய்ய முடியும். மல்லி பிடிவாதமான செடி இல்லை, ஆயுள் குறைந்த செடி. அதன் அவசரத்துக்கு நாம் தயாராக இருந்தால் வீட்டுக்கு வேண்டிய தழையைத் தாராளமாகத் தரும்.

எப்போது விதைப்பது

எங்கள் அம்மாச்சிக்கு விளாத்திகுளம் பக்கம். விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் கரிசல் காடுகளில் மானாவாரியாக மல்லி விதைப்பார்கள். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் விதை விழும். அதற்குப் பிறகு பெரிதாக மழை வேண்டாம். கரிசல் பிடித்துவைத்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் வளர்ந்து தை, மாசியில் அறுவடைக்கு வந்துவிடும். "மல்லிக்குத் தண்ணி வேணாம்டா, பனி வேணும்" என்று அம்மாச்சி சொல்வார். மாடியில் தொட்டி வைத்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மல்லி குளிர்காலப் பயிர். 15 முதல் 25 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும். 30-ஐத் தாண்டினால் முளைப்பு குறையும், முளைத்ததும் சீக்கிரம் பூவுக்குப் போகும். அதனால் சமவெளியில் இருப்பவர்கள் முதல் முறை போடுவதாக இருந்தால் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரிக்குள் விதையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஜூன்-ஜூலையையும் ஒரு பட்டமாகச் சொல்கிறது. அந்தப் பட்டத்தில் மாடியில் நிழல் கொடுத்தால்தான் சரியாக வரும். சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் நவம்பர் மழை அடித்துப் பெய்யும். மழை சற்று ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் தொடங்குவது நல்லது. ஓசூர் போலக் குளிர்ச்சியான ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அவ்வளவு கறார் இல்லை. அங்கே தழைக்காகவே ஆண்டு முழுக்கப் பயிரிடுகிறார்கள்.

சித்திரையில் ஆசைப்பட்டு விதைத்து முளைக்காமல் போனவர்கள் தங்கள் கை ராசி சரியில்லை என்று விட்டுவிட வேண்டாம். அதே விதையை, அதே தொட்டியில், கார்த்திகையில் போட்டுப் பாருங்கள்.

எந்த விதை

மளிகைக் கடையில் சாம்பாருக்கு வாங்கும் மல்லியே முளைக்கும். ஆனால் அது எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. இந்த ஆண்டு விளைந்த மல்லி மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மூக்கைத் தூக்கும் வாசனையோடு இருக்கும். பழுப்பேறி, வாசம் போய், துளை விழுந்து கிடந்தால் சாம்பார்ப் பொடிக்கே வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையாகச் சின்னதாக இருக்கும் நாட்டு மல்லி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். தழை சின்னதாக இருந்தாலும் வாசனை தூக்கலாக இருக்கிறது.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3, கோ (சி.ஆர்.) 4 போன்ற ரகங்களும் உண்டு. விதைக்கடையில் பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தில் தேதியைப் பாருங்கள். ஒரு முறை நான் வாங்கிய பாக்கெட்டில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் கெடு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று: இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதையாக இருந்தால் அதில் பூஞ்சாண மருந்து பூசியிருக்கிறார்கள். விதைக்கலாம், மிச்சத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. 20 விதையை உடைத்து, ஈரத்துணியில் முடிந்து, ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். துணி காயவிடாதீர்கள். பத்து நாளில் பாதிக்கு மேல் வெள்ளை முளை எட்டிப் பார்த்தால் நல்ல விதை.

உடைப்பதும் ஊறவைப்பதும்

முளைக்கவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் தவறவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் ஒரு மல்லி விதை என்று நினைப்பது உண்மையில் ஒரு சின்னக் காய். அதற்குள்ளே இரண்டு விதைகள், ஒன்றின் முகத்தோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. வெளியே கெட்டித் தோடு. முழுசாகப் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்க நாளாகும். முளைத்தாலும் ஒரே இடத்தில் இரண்டு செடி நெருக்கிக்கொண்டு நிற்கும். உடைத்துப் போட்டால் தண்ணீர் சட்டென்று இறங்கும், ஒன்று இரண்டாகும்.

அம்மாச்சி சிமெண்டுத் தரையில் மல்லியைப் பரப்பி, ஒரு மரப்பலகையை மேலே வைத்துத் தேய்ப்பார். நான் பூரிக்கட்டை வைத்துக்கொள்கிறேன். ஒரு பருத்தித் துணியில் விதையை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். துணியின் மறுபாதியை மேலே மடித்துப் போட்டு, பூரிக்கட்டையை உள்ளங்கையின் பாரம் மட்டும் விழுமாறு உருட்டுங்கள். பொடுக் பொடுக்கென்று சத்தம் கேட்கும். இரண்டு, மூன்று உருட்டலில் துணியைத் திறந்து பாருங்கள். ஒரு பாதியை விரலில் எடுத்தால் வெளிப்பக்கம் வரி வரியாக வளைந்தும் உள்பக்கம் குழிந்தும் ஒரு சின்னத் தோணி மாதிரி இருக்கும். அந்தத் தோணி முழுசாக இருக்க வேண்டும். அது நொறுங்கினால் உள்ளே இருக்கும் முளைக்கரு செத்துவிடும். மிக்ஸியில் ஒரு சுற்று விடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உடையாமல் நிற்கும் சில விதைகளை அப்படியே விட்டுவிடுங்கள், அவையும் கொஞ்சம் தாமதமாக முளைக்கும்.

முறத்தில் போட்டுப் புடைத்துத் தூசி நீக்கியதும் இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறட்டும். 10 முதல் 12 மணி நேரம் போதும். மானாவாரி வயல்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கலந்து 16 மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறது. விதை வறட்சியைத் தாங்குவதற்காக அது. நாம் தினமும் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கு அது தேவையில்லை. காலையில் நீரை வடித்து, துணியில் அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். ஈரம் சொட்டினால் விதை கையில் ஒட்டி, ஒரே இடத்தில் கொத்தாக விழும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடி இருந்தால் இந்த நேரத்தில் ஒரு சிட்டிகை புரட்டிக்கொள்ளலாம். முளைவிட்ட பயிர் அடியில் அழுகிச் சாய்வதை அது தடுக்கும்.

எத்தனை விதை வேண்டும்? 10 கிராமில் தோராயமாக 1,000 விதை இருக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் தாராளம்.

தொட்டியும் மண்ணும்

மல்லிக்கு ஆணிவேர். நேராகக் கீழே இறங்கப் பார்க்கும். 6 அங்குலத்துக்குக் குறைந்த ஆழம் போதாது, 8 அங்குலம் இருந்தால் நிம்மதி. அகலம் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. 20 லிட்டர் தண்ணீர்க் கேனைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டினால் அருமையான மல்லித் தொட்டி. பழைய பிளாஸ்டிக் டப், க்ரோ பேக், தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித் தோட்டப் பைகள், எது இருந்தாலும் சரி. அடியில் துளை மட்டும் கட்டாயம். வேரடியில் தண்ணீர் தேங்கினால் மல்லி இரண்டு நாள்கூடத் தாங்காது.

நான் போடும் கலவை: செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மேலே ஒரு கைப்பிடி மணல், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளை இரண்டு முறையாவது ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணம் போடவே கூடாது, அந்தச் சூட்டில் இளவேர் கருகும். கலந்த மண்ணை நனைத்து ஒரு வாரம் ஆறப் போட்டுவிட்டு விதைத்தால் நல்லது.

விதைப்பது

நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம். ஆணிவேர் அறுந்த மல்லி பிழைத்தாலும் பயத்தில் பூத்துவிடும். எங்கே வளர வேண்டுமோ அங்கேயே நேராக விதையுங்கள்.

மண்ணை நன்றாக நனைத்து, தண்ணீர் இறங்கியதும் விரலால் அரை அங்குல ஆழத்துக்குக் கோடு கிழியுங்கள். கோட்டுக்குக் கோடு 3 அல்லது 4 அங்குலம். கோட்டில் அங்குலத்துக்கு ஒரு விதை. மண்ணை மூடி, உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிடுங்கள். கையால் வீசித் தூவுவது சுலபம்தான், ஆனால் ஓரிடத்தில் முடியாக அடைத்துக்கொண்டு, இன்னோரிடம் மொட்டையாக நிற்கும். அடைசலாக நிற்கும் இடத்தில்தான் அழுகல் முதலில் தொடங்கும்.

பூவாளியால் தெளித்த பிறகு, ஒரு பழைய சணல் சாக்கை நனைத்து மண்மேல் போர்த்துங்கள். வெயில் தெரியாது, ஈரம் காயாது, புறாவும் அணிலும் கிளறாது. சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தால் போதும். ஹோஸ் பைப்பை நேராகப் பிடித்துவிடாதீர்கள். கோடு போட்டு வைத்த விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

முளைக்கும் நாட்கள்

ஆறாம் நாளிலிருந்து தினமும் காலையில் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பனிக்காலத்தில் 7 முதல் 12 நாளில் முளைக்கும், சில தொட்டிகள் 15 நாள் வரை இழுக்கும். அதற்குள் பொறுமை இழந்து கிளறிப் பார்க்காதீர்கள். முதலில் மண்ணில் மெல்லிய வெடிப்பு விழும். அடுத்த நாள் வெள்ளைத் தண்டு ஒன்று கொக்கி மாதிரி வளைந்து தெரியும். தலை இன்னும் மண்ணுக்குள் இருக்கும். அப்புறம் அது நிமிரும்போது சிலவற்றின் நுனியில் அந்தத் தோணி தொப்பியாக ஒட்டிக்கொண்டே வரும். அதைப் பிய்க்க வேண்டாம், தானே விழும். நாலைந்து கொக்கி தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடி வெளிறிப்போய் நீண்டுவிடும்.

முதலில் வரும் இரண்டு இலைகள் மல்லி மாதிரியே இருக்காது. நீளமாக, ஒடுக்கமாக, புல் போல இருக்கும். களை என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவதாக வரும் இலைதான் விசிறி வடிவத்தில், ஓரம் வெட்டுப்பட்டு, நமக்குத் தெரிந்த மல்லியாக இருக்கும். ஒரு விரலால் அதைத் தடவி முகர்ந்து பாருங்கள், அந்த அளவிலேயே முழு வாசனை வந்திருக்கும்.

வெயில், தண்ணீர், உரம்

குளிர்மாதங்களில் காலை வெயில் நாலைந்து மணி நேரம் கிடைத்தால் போதும். பங்குனிக்குப் பிறகு மதிய வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் கணக்கு விரல்தான். ஒரு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் இலை நனைந்து இரவு முழுக்க ஈரமாக நின்றால் பூஞ்சாண நோய்க்கு வழி.

15 நாளில் செடிகள் நெருக்கமாக இருந்தால் கத்தரிக்கோலால் அடியில் வெட்டி, செடிக்குச் செடி 2 அங்குலம் விடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். வெட்டிய பிஞ்சுத் தழையை அன்றைய தயிர்ப் பச்சடியில் போடுங்கள். கடையில் இந்தப் பருவத்துத் தழை கிடைக்கவே கிடைக்காது.

உரம் அதிகம் கேட்காது. 20-ஆம் நாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பஞ்சகவ்யம், இவ்வளவு போதும். யூரியா போட்டால் தழை பெரிதாகும், வாசம் குறையும். சமையலில் போட்டதே தெரியாத மல்லியை வளர்த்து என்ன செய்வது?

பூச்சியில் அசுவினிதான் முக்கியம். இலைக்கு அடியில் பச்சையாக, கூட்டமாக அப்பியிருக்கும். இரண்டு இலையில் பார்த்ததும் அந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். கூடுதலாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடிக்கலாம். அடித்த பிறகு நாலைந்து நாள் பறிக்காமல் விட்டு, நன்றாக அலசிப் பயன்படுத்துங்கள். அம்மாச்சி விறகடுப்புச் சாம்பலைப் பனி ஈரம் காய்வதற்கு முன்பு தூவுவார், அதுவும் கேட்கும். செடி அடித்தண்டில் கறுத்துச் சாய்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். சாய்ந்ததை எடுத்துவிட்டு இரண்டு நாள் காயவிடுங்கள்.

பறிப்பது

30 முதல் 40 நாளில் ஒரு சாண் உயரம் வந்துவிடும். இரண்டு விதமாகப் பறிக்கலாம். தினமும் கொஞ்சம் வேண்டும் என்றால் வெளிப்பக்கத்து இலைகளை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள், புதுத்தழை அங்கிருந்துதான் வரும். ஒரு நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். துவையலுக்கு மொத்தமாக வேண்டும் என்றால் ஓர் அங்குலம் விட்டு ஒரு வரிசையை அப்படியே அறுத்துவிடுங்கள். நல்ல குளிர் இருந்தால் இரண்டு வாரத்தில் இன்னொரு முறை துளிர்க்கும். இரண்டாவது அறுப்பு முதல் அறுப்பு அளவுக்கு வராது. அதற்கு மேல் எதிர்பார்க்காமல் வேரோடு எடுத்து, தண்டையும் வேரையும் நன்றாகக் கழுவித் தட்டி ரசத்தில் போடுங்கள். தழையைவிட வேரில் வாசம் கூடுதல்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு தொட்டி மல்லியின் தழை ஆயுள் மொத்தமே ஐம்பது நாள் சொச்சம். கறிவேப்பிலை, புதினா மாதிரி வைத்துவிட்டு வருடக்கணக்கில் பறிக்கிற செடி இல்லை. ஒரே தொட்டியை வைத்துக்கொண்டு அதையே கிள்ளிக் கிள்ளி, கடைசியில் அது பூத்ததும் மனம் விட்டுப்போகிறது. மூன்று தொட்டி வையுங்கள். முதல் தொட்டி விதைத்த 15-ஆம் நாள் இரண்டாவது, அடுத்த 15-ஆம் நாள் மூன்றாவது. மூன்றாவது முளைத்து நிற்கும்போது முதலாவதில் பறிப்பு நடக்கும். முதல் தொட்டி முடிந்ததும் மண்ணைக் கிளறி, ஒரு கை உரம் போட்டு, மறுபடி விதை. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை இந்த மூன்று தொட்டி தாராளமாகப் போதும்.

பூத்துவிட்டால்

நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று எழும்பும். புதிதாக வரும் இலைகள் விசிறி மாதிரி இல்லாமல் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். இதைப் பார்த்ததும் தண்டை ஒடித்துவிட்டால் பழையபடி தழைக்கும் என்று சிலர் முயல்கிறார்கள். செடி முடிவெடுத்துவிட்டது, திரும்பாது. பாதிச் செடிகளை அன்றே அறுத்துச் சமைத்துவிட்டு, நன்றாக இருக்கும் ஆறேழு செடிகளைப் பூக்க விடுங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குடை விரித்தது போலப் பூக்கும். அந்தப் பூவுக்குத் தேனீ வரும், அசுவினியைத் தின்னும் பூச்சிகளும் வரும். பக்கத்தில் கத்தரி, வெண்டை இருந்தால் அவற்றுக்கும் நல்லது.

பூ உதிர்ந்ததும் பச்சைக் காய் பிடிக்கும். ஒரு பச்சைக் காயை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள், தழையின் வாசமும் மல்லிப் பொடியின் வாசமும் சேர்ந்து வரும். விதைத்த 90 முதல் 110 நாளில் காய் பழுப்பாக மாறும். பாதிக்கு மேல் நிறம் மாறியதும் காலை நேரத்தில் தண்டோடு அறுத்து, காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு, நிழலில் ஒரு வாரம் கட்டித் தொங்கவிடுங்கள். முழுக்கக் காயும் வரை செடியிலேயே விட்டால் மண்ணில் கொட்டிவிடும். உதிர்த்த விதையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மேலே மாதமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு ஆண்டுக்குள் விதைத்துவிட்டால் நல்லது.

கோடையில் வேண்டும் என்றால்

வரும், ஆனால் குளிர்கால அளவுக்கு வராது. 50 சதவீதப் பச்சை நிழல்வலைக்கு அடியிலோ கிழக்குப் பார்த்த பால்கனியிலோ தொட்டியை வையுங்கள். உடைத்து ஊறவைத்த விதையை ஈரத்துணியில் முடிந்து, மண்பானை பக்கத்தில் இரண்டு மூன்று நாள் வைத்து, வெள்ளை முளை தலைகாட்டியதும் முளை ஒடியாமல் விதையுங்கள். தொட்டியைச் சுற்றி நனைந்த சாக்குக் கட்டினால் மண் சூடு குறையும். செடி உயரமாகக் காத்திருக்காதீர்கள். 25-ஆம் நாள், நாலு விரல் உயரத்திலேயே அறுத்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் நான் விதைப்பதில்லை.

தொட்டி ஓரத்தில் தப்பி விழுந்த விதைகள் ஆடி, ஆவணி மழைக்கோ ஐப்பசி மழைக்கோ தானாக முளைத்து நிற்கும். அவற்றைப் பிடுங்கி வரிசையில் நட நினைக்காமல், முளைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.